கம்பளி இல்லாத சிரிப்பு

அந்தச் சிரிப்பில் கம்பளி இல்லை. கேட்ட மாத்திரத்தில் தெரிந்துவிட்டது.

கோவையில் ஒலிக்கூடம் நடத்தும் தினேஷ் ஒரு காலத்தில் என்னோடு வேலை பார்த்தவன். போன வாரம் என் போனுக்கு ஒரு வீடியோத் துண்டு அனுப்பியிருந்தான். 'மேட்டு ஊடு' என்று ஒரு குடும்ப நகைச்சுவைத் தொடர். கோத்தகிரி பக்கத்து அரவேணுவில் வைத்து எடுத்தோம். வந்த வேகத்தில் நின்றுபோனது. அதன் ஒலிப்பதிவாளன் நான். துண்டில் ஒரு பெண் அடுப்பிலிருந்து திரும்பி, கரண்டியை நீட்டி, புருஷனிடம் ஒரு வார்த்தை சொல்கிறாள். ஒரு கூடமே அதிரச் சிரிக்கிறது.

கூடவே தினேஷின் குரல் வந்திருந்தது. "அண்ணா, இப்பல்லாம் சிரிப்பு வேணும்னா கம்ப்யூட்டர்கிட்ட கேட்டா போதும். எத்தன பேரு, ஆம்பளையா பொம்பளையா, எல்லாம் அதுவே கேட்டுக் குடுத்துருது. ஆனா உசுரு இல்லீங்கண்ணா. இது எப்பிடி இவ்ளோ இயல்பா புடிச்சீங்க? இத்தன நல்லாப் போன தொடர ஏண்ணா நிறுத்துனாங்க?"

இந்த இடத்தில் வரும் சிரிப்பு நான் பிடித்ததில்லை. தொடர் நின்றதே அதனால்தான். போனில் சொன்னால் தீராது என்று தோன்றியது. எழுதுகிறேன்.

இடது காதில் ஒரு விசில் குடியேறிய பிறகு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, ஐம்பதைத் தாண்டிய வயதில், குன்னூரில் சும்மா இருக்கிறேன். சும்மா இருப்பது எனக்கு வராத வேலை. காலையில் இறக்கத்தில் நடக்கிறேன், வெயில் சாய்ந்தால் ஏற்றத்தில் நடக்கிறேன். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே காற்று போகும்போது இன்னும் கை தானாகக் குமிழைத் திருப்புகிறது. கொஞ்சம் குறை, கொஞ்சம் கூட்டு. படிப்பு என்று பார்த்தால் சென்னையில் ஒயர் சுருட்டியதுதான். ஒயரைச் சுருட்டக் கற்றேன், பிறகு என் மூச்சை அடக்க, பிறகு பிறர் மூச்சைக் கேட்க. வருடங்கள் அப்படிப் போயின.

பிறகு வரதன் சார் கூப்பிட்டார்.

வரதன் சார் பொள்ளாச்சிப் பக்கம். நாடக மேடையிலிருந்து வந்த இயக்குநர். மெலிந்த உடம்பு, அதன் மேல் எப்போதும் ஒரு பழுப்பு நிற மப்ளர். அவர் 'கட்' சொல்லி நான் கேட்டதே இல்லை. "போதும்ங்க" என்பார், பந்தியில் சோறு வேண்டாம் என்பவர் மாதிரி. கோபம் வந்தால் அவர் பேச்சில் மரியாதை கூடும். ஒருமுறை லைட்மேன் காட்சி நடுவில் தும்மிவிட்டார். "ஏனுங்க, தும்மல் முடிஞ்சுதுங்களா? இன்னொண்ணு இருந்தா அதையும் போட்ருங்க. நாங்க காத்திருக்கறோம்ங்க" என்றார். அன்று மாலை வரை அந்த லைட்மேன் மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டே திரிந்தார்.

தொடரின் கதை எளிது. அரவேணுவில் சிறிய மளிகைக் கடை வைத்திருக்கும் கொங்கு நாட்டுக் கணவன். சிலோனிலிருந்து திரும்பி வந்த தோட்டக் குடும்பத்தில் பிறந்த மனைவி. ஒரே வீட்டுக்குள் இரண்டு தமிழ். அவன் 'ஊடு' என்பான், அவள் 'காம்பரா' என்பாள். சண்டை அங்கே ஆரம்பித்து அடுப்பில் முடியும். கணவனாக நடித்த பொன்னுசாமி அண்ணன் கோவை மேடைகளில் பெயர் பெற்ற காமெடியன். மனைவியாக நடிக்க நடிகைகளைக் கூட்டிவந்து பார்த்தார்கள், யாருக்கும் அந்தப் பேச்சு வாயில் உட்காரவில்லை. கடைசியில், கூட்டத்தில் நிற்க வந்தவர்களில் ஒருவரை வரதன் சார் உள்ளே கூப்பிட்டார். கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து எடுப்பவர். சிறு வயதில் அப்பா அம்மாவோடு கப்பலில் வந்து இறங்கியவர். பெயர் லெச்சுமி.

மைக் மாட்டுவது என் வேலை. லெச்சுமியக்காவிடம் அதைக் கையில் கொடுத்துவிட்டு நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன். அவரே முந்தானைக்குள் குத்திக்கொள்வார். ஒருமுறை குத்திவிட்டால் மாலை வரை அது அங்கேயே இருக்கும். ஒலிப்பதிவாளனுக்கு மட்டும் இப்படி ஒரு பாரம் உண்டு: கேமரா நின்ற பிறகும் அவன் காதுக்குள் மனிதர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள்.

"ஏனுங்க சவுண்டுத் தம்பி, என்ற வயித்துச் சத்தம் உங்குளுக்குக் கேக்குதுங்களா?" என்பார் பொன்னுசாமி அண்ணன் மாடியிலிருந்து.

"கேக்குதுங்கண்ணா. ஆனா வசனத்தவிட அது நல்லா இருக்குதுங்க."

"அப்ப அதையே வெச்சுக்கச் சொல்லுங்க, நாங் கெளம்பறேன்."

மிஸ்ட் என்னும் மூடுபனி இறங்கும் ஊரில் படம் எடுப்பது ஒரு தனி அவஸ்தை. கணவன் பேசும்போது ஜன்னலில் ஒரு மரம் நிற்கும். மனைவி பதில் சொல்லும்போது மரம் இருக்காது. வேறு இயக்குநர் என்றால் மிஸ்ட் கலையும் வரை காத்திருப்பார். வரதன் சார் காத்திருக்கவில்லை. "மரம் போயிருச்சுன்னு சொல்லிப்போடுங்க" என்றார். பொன்னுசாமி அண்ணன் ஜன்னலைப் பார்த்து அலறினார்: "அடியே, இங்கிருந்த மரத்தக் காணம்டி! எவனோ தூக்கிட்டுப் போயிட்டான்!" லெச்சுமியக்கா திரும்பக்கூட இல்லை. "நல்லாப் பாருங்க. ஒங்க மூளையும் அதுலதான் தொங்கிக்கிட்டு இருந்துச்சு." அது எழுதிய வசனம் இல்லை. அந்த வீட்டில் பாதி வசனங்கள் அப்படித்தான் பிறந்தன.

இனி சிரிப்புக்கு வருகிறேன்.

நகைச்சுவைத் தொடர் என்றால் பின்னணியில் சிரிப்பு வேண்டும் என்று சேனல் சொல்லிவிட்டது. நாடாவில் வரும் பொதுச் சிரிப்பு வரதன் சாருக்கு ஆகாது. எனவே ஒரு முறை வகுத்தார். எடுத்த காட்சிகளைத் தோராயமாகக் கோத்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லெச்சுமியக்காவின் எஸ்டேட் கம்யூனிட்டி ஹாலில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் போட்டுக் காட்டுவோம். லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஜனங்கள் வந்து உட்காருவார்கள். நான் விட்டத்தில் மைக் கட்டி அவர்கள் சிரிப்பைப் பிடிப்பேன். அந்தச் சிரிப்பு அந்தக் காட்சிக்கு மட்டும்தான்.

முதல் ஞாயிறு எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. எல்லோரும் சிரித்தார்கள், கண்ணால் பார்த்தேன். ஹெட்போனில் மட்டும் மூட்டைக்குள் அடைத்த பஞ்சு மாதிரி ஏதோ ஒன்று. பிறகு புரிந்தது. குளிருக்குப் போர்த்திய கம்பளியை வாய்மேல் இழுத்துக்கொண்டுதான் அங்கே பெண்கள் சிரிப்பார்கள். ஈரக் கம்பளி சிரிப்பைக் குடித்துவிடுகிறது. அடுத்த வாரத்திலிருந்து திரையிடும் முன் எல்லோருக்கும் சூடாகத் தேத்தண்ணி கொடுத்தோம். உடம்பில் சூடு இறங்கினால் போர்வை கொஞ்சம் நழுவும். பெண்கள் பக்கத்து மைக்கைத் தாழ்வாக இறக்கினேன். முதலில் ஆண்கள் வெடிப்பார்கள். ஒரு மூச்சு கழித்துப் பெண்களின் சிரிப்பு கம்பளிக்குள்ளிருந்து எழுந்து வரும், மூடியைத் தள்ளிக்கொண்டு உலை கொதிக்கிற மாதிரி. அப்படி ஒரு ஒலியை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

ஒரு ஞாயிறு மழை. தகரக் கூரை. சிரிப்பும் மழையும் பிரிக்க முடியாமல் பின்னிக் கிடந்தன. எடிட்டர், போன வாரச் சிரிப்பை எடுத்து ஒட்டிவிடலாம் என்றார். வரதன் சார் மப்ளரை இறுக்கினார்.

"ஒரு எடத்துச் சிரிப்ப இன்னொரு எடத்துக்குக் கொண்டுபோகக் கூடாதுங்க. அவங்க இதுக்குச் சிரிச்சாங்களா, அதுக்குச் சிரிச்சாங்களான்னு நாளைக்கு அவங்களுக்கே தெரியாமப் போயிரும். மழையும் கேக்கட்டுங்க."

மழையோடே ஒளிபரப்பானது.

இப்போது அந்த வார்த்தை.

ஒரு காட்சியில் கணவன் தேநீர் போட்டுக் கெடுத்துவிடுவான். மனைவி திட்ட வேண்டும். எழுதியிருந்த வசனத்தை விட்டுவிட்டு லெச்சுமியக்கா கரண்டியை நீட்டி, "இன்னைக்கு ஒங்களுக்கு அரப்பேருதான்!" என்றார்.

"போதும்ங்க" என்றார் வரதன் சார். "அதென்னுங்க அரப்பேரு?"

"தோட்டத்துப் பேச்சுங்க சார். ஒரு நாள் வேலைக்கு ஒரு பேரு. நிறுவையில கொழுந்து கொறஞ்சா அரப்பேருதான் போடுவாங்க. பாதி நாள்தான் வேல செஞ்ச கணக்கு. சிலோன்ல அப்பிடித்தான் சொல்லுவோம். இங்க 'ஆஃப் டே'ன்னுருவாங்க."

அந்த ஞாயிறு ஹாலில் என் மீட்டர் முள் கடைசிக் கோட்டில் போய் முட்டியது. பின்னால் யோசித்தபோதுதான் அந்தச் சிரிப்பின் எடை தெரிந்தது. ஆயுள் முழுக்க அரைப்பேர் வாங்கிய ஜனம். தங்களில் ஒருத்தி, கடைக்கார முதலாளி ஒருவருக்கு அரைப்பேர் போடுவதை முதல்முறையாகப் பார்க்கிறார்கள். முன் வரிசையில் பாக்கியம் என்ற முதிய பெண் கம்பளியை முழுதாக உதறிவிட்டுக் கை தட்டினார். லெச்சுமியக்காவின் அடுத்த காம்பராக்காரர்.

ஒவ்வொரு வாரமும் அந்த வார்த்தையோடு முடிப்பது என்று ஆனது. அது மலையை விட்டு இறங்கியது. ஊட்டி மார்க்கெட்டில் எடைக்காரர் சொன்னார், பஸ்ஸில் கண்டக்டர் சொன்னார். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. சொல்லும் பந்து மாதிரிதான். எறிந்தவருக்கே திரும்பி வரும். வரும் வழியில் அதன் முகம் மாறியிருந்தது.

ஒரு நாள் இடைவேளையில் எல்லோரும் வெயில் காய வெளியே போயிருந்தார்கள். நான் ஹெட்போனைக் கழற்றவில்லை. சமையலறையில் லெச்சுமியக்கா தனியாக நின்று, தனக்குத்தானே அந்த வசனத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாக ஒரு தரம். கெஞ்சலாக ஒரு தரம். குழந்தையைக் கொஞ்சுவது போல ஒரு தரம். எந்தக் குரலில் சொன்னால் அது யாரையும் குத்தாது என்று தேடுகிறார் என்று எனக்கு விளங்கியது. எப்படிச் சொன்னாலும் அது அதுவாகவே இருந்தது. கடைசியில் ஒரு நீண்ட மூச்சு. பிறகு கரண்டியை வைக்கும் சத்தம்.

மாலையில் அவர் வரதன் சாரிடம் போனார்.

"சார், அந்த அரப்பேரு மட்டும் வேணாங்க சார்."

"ஏனுங்க லெச்சுமி? ஊரே சொல்லுதுங்களே."

"அதுதாங்க சார். பஸ்ஸுல ஏறுனா, 'அரப்பேரு ஏறிருச்சு, தள்ளி ஒக்காரு'ங்கிறானுங்க. எங்க ஆளுகளுக்கே அது பேராயிருச்சு. போன வாரம் நிறுவையில எங்க பாக்கியக்காவுக்குக் கொழுந்து கொறஞ்சுபோச்சு. வயசான கை, என்னா செய்யும்? எப்பவும் சூப்பர்வைசரு ஒண்ணும் பேசாம எழுதிக்கிட்டுப் போயிருவாரு. அன்னைக்கு என்னய மாதிரியே கைய நீட்டி, என் கொரல்லயே சொல்றாரு சார். சுத்தி நின்ன அத்தன பேரும் சிரிச்சாங்க. அந்தக்கா என்னயப் பாத்துச்சு. திட்டல சார். பாத்துச்சு, அவ்வளவுதான்."

தொடரை நீட்டிப்பதாகச் சேனல் அப்போதுதான் சொல்லியிருந்தது. வாராவாரம் அந்த வார்த்தை வர வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு. வேறு சொற்களைத் தேடிப் பார்த்தோம். ஒன்றும் நிற்கவில்லை.

"ஒண்ணு செய்யலாங்க" என்றார் வரதன் சார் கடைசியில். "இந்த வாரம் மட்டும் சொல்லுங்க. ஞாயித்துக்கெழம உங்க ஜனத்துக்கே போட்டுக் காட்டறேன். சிரிச்சாங்கன்னா வெச்சுக்கலாம். சிரிக்கலீன்னா வெட்டி எறிஞ்சு போடறேன். சத்தியம்ங்க."

லெச்சுமியக்கா தலையாட்டினார். வாசல் வரை போய்த் திரும்பி நின்றார்.

"சிரிச்சிருவாங்க சார். அதுதான் பயமா இருக்கு."

அந்த ஞாயிறு பகல் தெளிந்திருந்தது. கூரையிலிருந்து பழைய மழை சொட்டிக்கொண்டிருந்தது. தேத்தண்ணி கொடுத்தோம். மரம் காணாமல் போன கதை மாதிரி இன்னொன்றுக்கு நன்றாகவே சிரித்தார்கள். பொன்னுசாமி அண்ணன் சறுக்கி விழுந்ததற்குக் குழந்தைகள் கத்தினார்கள். பிறகு திரையில் லெச்சுமியக்கா அடுப்பிலிருந்து திரும்பினார். கரண்டியை நீட்டினார்.

"இன்னைக்கு ஒங்களுக்கு அரப்பேருதான்!"

என் கை குமிழில் இருந்தது, குறைப்பதற்குத் தயாராக. முள் அசையவில்லை. அவ்வளவு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அப்படி ஒரு மௌனம் தானாக வராது. எல்லோரும் சேர்ந்து தூக்கினால்தான் வரும். கூரையில் ஒரு சொட்டு. எங்கோ ஒரு கொலுசு. ஒரு இருமல். பிறகு பாக்கியம் அக்காவின் குரல்: "அடுத்ததப் போடுங்கப்பா."

லெச்சுமியக்கா கதவோரம் நின்றிருந்தார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

வரதன் சார் வாக்குப்படி அந்த இடத்தை வெட்டி அனுப்பினார். சேனலிலிருந்து போன் வந்தது. வெட்டாத பிரதி வேண்டும் என்றார்கள். அதுவும் அவர்களுக்குச் சொந்தம், கொடுத்துத்தான் ஆக வேண்டியிருந்தது. கூடவே பழைய சிரிப்பு நாடாக்களையும் என்னிடம் கேட்டார்கள். நான் வரதன் சாரைப் பார்த்தேன். "குடுக்காதீங்க தம்பி" என்றார். நான் கொடுக்கவில்லை. அதற்கெல்லாம் அவர்கள் நிற்கவில்லை. எங்கிருந்தோ ஒரு சிரிப்பைக் கொண்டுவந்து அந்த மௌனத்தின் மேல் ஊற்றி ஒளிபரப்பிவிட்டார்கள். தினேஷ் அனுப்பிய துண்டு அதுதான். குளிர்சாதன அறையில், மெல்லிய உடுப்பில், வாயைத் திறந்து போட்டுச் சிரிக்கிற யாரோ சிலர். கேட்பவர்களுக்குக் கூடம் சிரித்த மாதிரியே இருக்கும். ஈரக் கம்பளி நாற்றம் தெரிந்த காதுக்கு மட்டும் இருக்காது.

அடுத்த படப்பிடிப்பு நாளில் லெச்சுமியக்கா காலையில் வரவில்லை. மத்தியானம் வந்தார், நடிக்கிற உடுப்பில் இல்லாமல், மலையில் கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கோடு. நேராக என்னிடம் வந்தார்.

"தம்பி, ஒங்க காதுலதான எல்லாம் விழும். நெசத்தச் சொல்லுங்க. எங்க ஆளுக சிரிச்சாங்களா?"

"இல்லக்கா."

"டீவியில சிரிக்குதே. லயத்துல ஒருத்தரு மொகத்த ஒருத்தரு பாக்க மாட்டேங்கிறாங்க. 'நீதான் சிரிச்ச', 'பின்னால ஒக்காந்திருந்தவளுக சிரிச்சாளுக'ன்னு ஒரே சண்ட. பாக்கியக்கா கதவச் சாத்திக்கிட்டு உள்ளயே கெடக்கு. நானும் கதவோரம் நின்னேன், எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு தம்பி."

வரதன் சார் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சேனலுக்குப் போன் போட்டார். அவ்வளவு மரியாதையாக அவர் பேசி நான் கேட்டதில்லை. "ரொம்ப சந்தோசம்ங்க. நல்லாச் சிரிக்க வெச்சிருக்கறீங்க. இனிமே நடிப்பையும் அங்கயே எங்கயாச்சும் புடிச்சுக்கங்க. வணக்கம்ங்க." வைத்துவிட்டார். அத்தோடு தொடர் முடிந்தது. பார்வையாளர் குறைந்தார்கள், மிஸ்ட் கெடுத்தது, பொன்னுசாமி அண்ணன் சம்பளம் கூட்டிக் கேட்டார் என்று பின்னாளில் என்னென்னவோ சொன்னார்கள். எல்லாம் பொய்.

"அந்த ஞாயித்துக்கெழம டேப் இருக்குதுங்களா தம்பி?" என்று வரதன் சார் என்னிடம் திரும்பினார்.

"இருக்குங்க சார்."

"எடுங்க. ஜீப்ப வரச் சொல்றேன்."

அடுத்த ஞாயிறு அதே ஹால். வேட்டித் திரை கட்டவில்லை, படம் இல்லை. லெச்சுமியக்கா கதவைத் தட்டித் தட்டி ஒவ்வொருவராகக் கூட்டிவந்தார். பாக்கியம் அக்காவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து முன் வரிசையில் உட்கார வைத்தார். தனித்தனியாக, இடம் விட்டு உட்கார்ந்தார்கள். ஒரு ஸ்பீக்கரை மேஜைமேல் வைத்து நான் டேப்பை ஓட்டினேன்.

சறுக்கி விழுந்த சிரிப்பு வந்தது. குழந்தைகளின் கத்தல் வந்தது. பிறகு லெச்சுமியக்காவின் குரல், அந்த வார்த்தை.

பிறகு அவர்கள் மௌனம்.

தங்கள் மௌனத்தைத் தாங்களே உட்கார்ந்து கேட்டார்கள். ஒருவரும் அசையவில்லை. டேப்பில் கூரை சொட்டியது. கொலுசு கேட்டது, ஒரு தாய் தன் மகளின் காலைப் பார்த்தாள். யார் சிரித்தார்கள் என்று ஒரு வாரமாகத் தேடியவர்கள், யாரும் சிரிக்கவில்லை என்பதைக் காதாரக் கேட்டார்கள். இருமல் வந்தது.

பாக்கியம் அக்கா நிமிர்ந்தார்.

"அந்த இருமலு என்னோடதுதான?"

"ஒன்னோடது இல்லாம?" என்றார் பின்னாலிருந்து ஒருவர். "மேல் மலைக்கும் கேக்குமே அது!"

பாக்கியம் அக்கா என்னைப் பார்த்தார். கண் ஈரமாக இருந்தது. கையை நீட்டினார், கரண்டி பிடித்திருப்பது போல.

"அப்பன்னா எழுதிக்கய்யா சவுண்டுக்காரரே. இருமலுக்காவது எனக்கு முழுப்பேரு போடு!"

ஒரு நொடி. பிறகு ஹால் வெடித்தது. பெண்கள் பெண்கள்மேல் சாய்ந்தார்கள். கம்பளிகள் தோளிலிருந்து நழுவித் தரையில் விழுந்தன. யாரும் குனிந்து எடுக்கவில்லை. லெச்சுமியக்கா பாக்கியம் அக்காவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியாமல் குலுங்கினார்.

விட்டத்தைப் பார்த்தேன். மைக் கட்டும் கயிறு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. டேப்பைக் கேட்க வைக்கத்தானே போகிறோம் என்று அன்று மைக் எதையும் நான் கொண்டுபோயிருக்கவில்லை.